அப்பாவின் அறிக்கையில் உள்ள 7

கேள்வி:

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 66 வயது, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சலம் போக இரவில் அடிக்கடி எழும்புகிறார் என்று காட்டப் போன இடத்தில் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை 8.6 என்று வந்தது. பயொப்சியில் (ஊசியால் துண்டெடுத்துப் பார்த்ததில்) புற்றுநோய், கிளீசன் தரம் 3+3=6 என்றார்கள். கொழும்பில், சலப்பைக்குக் கீழே இருக்கிற புரொஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றரை மாதம். எடுத்த பிறகு வந்த அறிக்கையில் 3+4=7 என்று இருக்கிறது. ஒரு விளிம்பில் புற்றுநோய் தொடுகிறது என்றும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் 6 எப்படி 7 ஆனது? பத்துக்கு ஏழு என்றால் மோசம்தானே? கனடாவில் இருக்கிற அண்ணா உடனே கதிர்ச்சிகிச்சை செய்ய வேண்டும் என்று நிற்கிறார். ஒப்பரேஷன் முடிந்து ஆறாம் கிழமை பி.எஸ்.ஏ. 0.01க்குக் குறைவு. போன கிழமை திருகோணமலையில் வேறொரு லாப்பில் எடுத்தபோது 0.1க்குக் குறைவு. பத்து மடங்கு கூடிவிட்டதா? அப்பாவுக்கு இது புற்றுநோய் என்று நாங்கள் சொல்லவில்லை, கட்டி என்றுதான் சொன்னோம். சலம் கசிவதால் கோணேசர் கோயிலுக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். நோய் திரும்பி வருமா?

பதில்:

மகள், பி.எஸ்.ஏ. பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். இன்றைக்கு இரவு நீங்கள் நித்திரை கொள்ள வேண்டுமென்றால் அதற்குத்தான் முதலில் விடை வேண்டும்.

அப்பாவின் பி.எஸ்.ஏ. கூடியதாக அந்தத் துண்டில் எதுவும் இல்லை. ‘0.01க்குக் குறைவு’, ‘0.1க்குக் குறைவு’ இரண்டுமே அளந்து கிடைத்த எண்கள் அல்ல. அந்தந்த லாப்பில் உள்ள இயந்திரத்தால் அதற்குக் கீழே பார்க்க முடியாது என்பதைத்தான் அவை சொல்கின்றன. நகைக்கடைத் தராசில் ஒரு மோதிரத்தை வைத்தால் மில்லிகிராம்வரை காட்டும். அதே மோதிரத்தை மீன் சந்தைத் தராசில் வைத்தால் முள் அசையாது. நீங்கள் முதல் தடவை போனது நகைக்கடைக்கு, இரண்டாம் தடவை போனது மீன் சந்தைக்கு, அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் ‘எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்றே பதில் வந்திருக்கிறது. ஒப்பரேஷனுக்குப் பிறகு எங்களுக்கு வேண்டிய பதிலும் அதுதான்.

ஆனால் இனிமேல் லாப் மாற்றாதீர்கள். ஒரே லாப்பில், ஒரே முறையில் எடுத்த எண்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். முதலில் எடுத்த இடத்துக்கே போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இங்கே ஒரு லாப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, லாப், எண் மூன்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். எண்ணுக்கு முன்னால் ‘குறைவு’ என்ற குறி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் குறி விடுபட்டுப் போய், 0.1 என்று மட்டும் கொப்பியில் ஏறி, ஒரு குடும்பமே ஒரு மாதம் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

பி.எஸ்.ஏ.யை உண்டாக்குவது புரொஸ்டேட் கலங்கள்தான். சுரப்பியை எடுத்ததும் இரத்தத்தில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆறு கிழமையில் அது தெரியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அப்பாவுக்கு இறங்கியிருக்கிறது. அறிக்கையில் உள்ள எந்த வரியையும்விட எனக்கு அதுதான் ஆறுதலாக இருக்கிறது.

சரி, இனி அறிக்கைக்கு வருவோம். நான் ஒப்பரேஷன் செய்கிற வைத்தியர் அல்ல. நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து இப்படியான அறிக்கைகளை எழுதுகிற நோயியல் வைத்தியர். அப்பாவின் அறிக்கையை எழுதியது வேறொருவர். ஆனாலும் அது எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை வந்துவிடும்.

புரொஸ்டேட் எங்களிடம் போர்மலின் நிறைந்த போத்தலுக்குள் வரும். தோல் உரிக்காத பாக்கு அளவு இருக்கும், வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிது. வெளிப்புறம் முழுவதும் மை பூசுவோம், வலப்பக்கத்துக்கு ஒரு நிறம், இடப்பக்கத்துக்கு இன்னொரு நிறம். மை காய்ந்த பிறகு பாண் வெட்டுவதுபோல மெல்லிய துண்டுகளாக வெட்டி, மெழுகில் பதித்து, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி ஊதாவும் ரோசாவுமாகச் சாயம் ஏற்றுவார்கள். ஒரு ஆளின் சுரப்பிக்கு ஒரு தட்டு நிறையக் கண்ணாடிகள் வரும். அவ்வளவையும் பார்த்துத்தான் 3+4 என்று எழுதியிருக்கிறார்கள்.

பயொப்சி அப்படியில்லை. வழமையாகப் பன்னிரண்டு இடத்தில் ஊசி போட்டு, நூல் மாதிரி, ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் சின்னச் சின்ன இழைகள் எடுப்பார்கள். தம்பலகாமத்தில் நெல் வாங்க வருகிறவர் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு இழுத்து, உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பாரே, அதுதான் பயொப்சி. முழு மூட்டையையும் பாயில் கொட்டிப் பரப்பிப் பார்ப்பதுதான் ஒப்பரேஷனுக்குப் பின் நாங்கள் செய்வது. பயொப்சியில் 6 என்று வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, முழுச் சுரப்பியையும் பார்க்கும்போது தரம் கூடுகிறது. ஆக, இரண்டு மாதத்துக்குள் 6 வளர்ந்து 7 ஆகவில்லை. 3+4இல் வருகிற அந்த 4, அதாவது கொஞ்சம் மோசமான 4ஆம் வகை, அப்போதும் உள்ளே இருந்தது, ஊசி அந்த இடத்தில் படவில்லை. ‘கொழும்புக்குக் கொண்டுபோகப் பிந்திவிட்டோமோ’ என்று யாராவது வீட்டில் மனம் வருந்திக்கொண்டிருந்தால், அந்த வருத்தம் தேவையில்லை.

அடுத்தது, பத்துக்கு ஏழு. சோதனைத் தாளில் போடுகிற புள்ளி மாதிரித்தான் எல்லோரும் இதை வாசிக்கிறார்கள். அது அவர்களின் பிழையில்லை, எண்ணை அப்படி அமைத்துவிட்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையில் டொனால்ட் கிளீசன் என்ற நோயியல் வைத்தியர் இருந்தார். புரொஸ்டேட் புற்றுநோயைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்து, கலங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் வைத்து அதை ஐந்து வகையாகப் பிரித்து, 1966இல் வெளியிட்டார். அந்த நோயாளிகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதோடு அதை ஒப்பிட்டபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஒரே கட்டிக்குள் இரண்டு வகை இருந்தால், மோசமானது மட்டும் ஆளின் போக்கைத் தீர்மானிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து தீர்மானித்தன. அதனால்தான் அதிகமாக இருக்கிற வகையை முதலிலும் அடுத்ததைப் பிறகும் எழுதிக் கூட்டுகிறோம். மற்றப் புற்றுநோய்களில் இப்படிக் கூட்டல் கணக்கு வருவது குறைவு.

இன்றைக்கு 1ஐயும் 2ஐயும் நாங்கள் பாவிப்பதே இல்லை என்று சொல்லலாம். அவை என்று நினைத்தவற்றில் பல உண்மையில் புற்றுநோயே இல்லை என்று பின்னாளில் தெரிந்தது. ஆகவே நடைமுறையில் கணக்கு 3+3இல், அதாவது 6இல் தொடங்குகிறது. கீழ்ப் படியே 6 என்றால், 7 என்பது அதற்கு அடுத்த படி. பத்தில் ஏழு பங்கு கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

3க்கும் 4க்கும் என்ன வித்தியாசம்? நுணுக்குக்காட்டியில் 3ஆம் வகை, வேலி அடைத்த காணிகள் மாதிரித் தெரியும். ஒவ்வொரு சுரப்பிக் குழாயும் தனித்தனி வளையமாக, நடுவில் ஒரு சின்ன முற்றத்தோடு நிற்கும். வடிவம் ஒழுங்கில்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது, என்றாலும் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. 4ஆம் வகையில் வேலிகள் விழுந்துவிடும். ஒரு வளையம் இன்னொன்றோடு ஒட்டி, உருக்குலைந்து, சில இடத்தில் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். 5ஆம் வகையில் வளையமும் இல்லை, முற்றமும் இல்லை. கலங்கள் தனித்தனியாக, அல்லது கூட்டம் கூட்டமாக, இழையத்துக்குள் ஊடுருவிக்கொண்டிருக்கும். சுரப்பி கட்டுகிற வேலையை ஒரு கலம் எவ்வளவு மறந்துபோய்விட்டதோ, அவ்வளவுக்கு அது இடம்விட்டுப் போகிற சாத்தியம் கூடுகிறது. தரப்படுத்தலுக்கு அடியில் இருக்கிற யோசனை இதுதான்.

நோயின் நிலை வேறு, தரம் வேறு. நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. தரம் என்பது அதன் குணம். உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்துவிட்டன, பல வீடுகளில் கலந்துவிடுகின்றன. அறிக்கையைப் படம் எடுத்து நீங்கள் அனுப்பியதில் அப்பாவின் நிலை பி.ரி.2, அதாவது நோய் சுரப்பிக்குள்ளேயே நின்றிருக்கிறது. விந்துப்பைக்குள் போகவில்லை. எடுத்துப் பார்த்த நிணநீர்க் கணுக்களில் இல்லை. 4ஆம் வகை 15 வீதம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 15ஐ நான் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். 3+4 என்று எழுதுகிற கட்டிகளுக்குள்ளேயே 4இன் பங்கு 5 வீதமாகவும் இருக்கலாம், 45 வீதமாகவும் இருக்கலாம். 15 என்பது குறைந்த பக்கம்.

7க்குள் இரண்டு விதம் இருப்பதுதான் பெரிய குழப்பமாக இருந்தது. 3+4உம் 7தான், 4+3உம் 7தான். அதைத் தீர்க்க 2014இல் சிக்காகோவில் உலகின் பல நாடுகளிலிருந்தும் நோயியல் வைத்தியர்கள் கூடி, ஒன்றிலிருந்து ஐந்துவரை தரக்குழு என்று புதிய வரிசையை ஏற்றுக்கொண்டார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. 6 என்பது தரக்குழு 1. 3+4 தரக்குழு 2. 4+3 தரக்குழு 3. கூட்டுத்தொகை 8 தரக்குழு 4. 9உம் 10உம் தரக்குழு 5. அப்பா தரக்குழு 2. அண்ணாவுக்குச் சொல்லும்போது ‘ஐந்தில் இரண்டு’ என்று சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்.

இந்த வரிசைக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில், சுரப்பியை முழுதாக எடுத்த 20,000க்கு மேற்பட்ட ஆண்களைப் பார்த்தார்கள். ஒப்பரேஷன் முடிந்து 5 ஆண்டில் பி.எஸ்.ஏ. திரும்ப ஏறாமல் இருந்தவர்கள் தரக்குழு 1இல் நூற்றுக்கு 96, தரக்குழு 2இல் 88, தரக்குழு 3இல் 63, தரக்குழு 4இல் 48, தரக்குழு 5இல் 26. 88க்கும் 63க்கும் இடையில் எவ்வளவு பெரிய இறக்கம் என்று பாருங்கள். கூட்டினால் இரண்டு பேருக்கும் 7தான், ஆனால் 3 முன்னால் நிற்கிறதா 4 முன்னால் நிற்கிறதா என்பதில் இவ்வளவும் இருக்கிறது. பக்கத்து வீட்டில், சொந்தத்தில், யாருக்காவது ‘அவருக்கும் 7தான், அவருக்கு வந்துவிட்டது’ என்று கதை வரும். அவருக்கு எந்த 7 என்று கேளுங்கள்.

இந்த எண்களை வாசிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அவை ஒரு கூட்டத்தைப் பற்றியவை. அப்பா அந்த 88இல் ஒருவரா, மற்ற 12இல் ஒருவரா என்று எந்த நுணுக்குக்காட்டியிலும் தெரியாது. இரண்டாவது, அங்கே ‘திரும்ப வந்தது’ என்று எண்ணியது பி.எஸ்.ஏ. ஏறியதை. எலும்புக்குப் போனதையோ உயிர் போனதையோ அல்ல. பி.எஸ்.ஏ. ஏறுவதற்கும் அப்படி நடப்பதற்கும் இடையில் பல சமயம் நீண்ட காலம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஒப்பரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 2,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறிய நாளிலிருந்து உடலில் வேறிடத்தில் நோய் தெரியும்வரை சென்ற காலத்தின் நடு அளவு 8 ஆண்டுகள். அதுவும், பி.எஸ்.ஏ. ஏறியும் அந்த இடைக்காலத்தில் மருந்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில்.

இனி விளிம்பு. அறிக்கையில் வலது பக்க நுனியில் 2 மில்லிமீற்றருக்குப் புற்றுநோய் மையைத் தொடுகிறது என்று இருக்கிறது. நான் முதலில் சொன்ன அந்த மைதான் இது. வெட்டிய விளிம்பை எங்களுக்குக் காட்டித் தருவது அது. கலங்கள் மையைத் தொட்டு நின்றால் ‘விளிம்பு பொசிட்டிவ்’ என்று எழுதுவோம். அதை வாசிக்கிறவர் உடனே ‘அப்படியென்றால் மிச்சத்தை உள்ளே விட்டுவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறார். சில சமயம் அது உண்மை. பல சமயம் மைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நுனிப் பகுதியில் சுரப்பிக்கு ஒழுங்கான உறை கிடையாது, சலம் அடக்குகிற தசை அதோடு ஒட்டி இருக்கிறது. அந்தத் தசையைக் காப்பாற்றுவதற்காகச் சத்திரசிகிச்சை நிபுணர் மயிரிழையில் வெட்டுகிற இடம் அது. விளிம்பு பொசிட்டிவ் என்று வந்தும் நோய் திரும்பாமல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்றாலும் அது ஆபத்தைக் கூட்டுகிற விஷயம்தான். ஒன்றுமில்லை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தரத்தை மட்டும் வைத்து எதிர்காலம் சொல்லாமல், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு கணக்கு இருக்கிறது. கப்ரா-எஸ் என்று பெயர், சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒப்பரேஷனுக்கு முன் பி.எஸ்.ஏ. 6க்கும் 10க்கும் இடையில், அதற்கு 1. கிளீசன் 3+4, அதற்கு 1. விளிம்பு பொசிட்டிவ், அதற்கு 2. உறையைத் தாண்டவில்லை, விந்துப்பையில் இல்லை, நிணநீர்க் கணுவில் இல்லை, மூன்றுக்கும் பூச்சியம். மொத்தம் 4. அதிகபட்சம் 12 வரை போகக்கூடிய கணக்கில் 2 வரை குறைந்த ஆபத்து, 3 முதல் 5 வரை நடுத்தரம், 6இலிருந்து கூடியது. அப்பா நடுவில் நிற்கிறார். விளிம்பு இல்லாமல் இருந்தால் கீழ்ப்படியில் நின்றிருப்பார். ஆகவே ‘திரும்பி வருமா’ என்ற உங்கள் கேள்விக்கு என்னால் நேர்மையாகத் தரக்கூடிய பதில் இது: வராமல் இருப்பதற்கான வாய்ப்புத்தான் கூட, ஆனால் வரவே வராது என்று சொல்லி உங்களைக் கிளினிக்கிலிருந்து அனுப்பிவிடக்கூடிய நிலையும் இல்லை.

கதிர்ச்சிகிச்சையை இப்போதே செய்ய வேண்டும் என்று அண்ணா சொல்வது அவர் சும்மா பிடித்த பிடி அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பல வைத்தியர்களும் அதைத்தான் சொன்னார்கள். அதைச் சோதிக்க மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒன்று பிரித்தானியாவை மையமாகக் கொண்டது, கனடாவும் அதில் இருந்தது. ஒன்று பிரான்சில், மற்றது அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். ஒரு பகுதியினருக்கு ஒப்பரேஷன் முடிந்த கையோடு கதிர். மற்றவர்களுக்குக் காத்திருந்து பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கினால் உடனே கதிர். 2020இல் மூன்றின் முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நோயைக் கட்டுப்படுத்துவதில் இரு பகுதியினருக்கும் வித்தியாசம் காணவில்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதுவரை கதிர் தேவைப்படவே இல்லை. உடனே கதிர் எடுத்தவர்களுக்குச் சலத் தொந்தரவு கூட இருந்தது.

கூட இருந்தது என்பதை அப்பாவின் இன்றைய நிலையோடு வைத்துப் பாருங்கள். இன்னும் கசிவு நிற்கவில்லை. அந்த இடத்தில் இப்போது கதிர் வைத்தால் தசை தேறுகிற வேகம் குறையும். கதிர்ச்சிகிச்சை ஒருநாளில் முடிகிற வேலையும் இல்லை. வார நாட்களில் தினமும், நான்கு முதல் ஏழு கிழமைவரை. புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மகரகமவிலோ வேறெங்கோ அறை எடுத்துத் தங்கி, ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும். தேவை வந்தால் அதெல்லாம் செய்யத்தான் வேண்டும். தேவை வருவதற்கு முன் ஏன் செய்ய வேண்டும்? தரக்குழு 4, 5 என்று வந்து, விந்துப்பையிலோ கணுவிலோ நோய் இருந்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். அப்படியானவர்கள் அந்த ஆய்வுகளில் குறைவு, அவர்களுக்குக் காத்திருப்பதைப் பற்றி வைத்தியர்கள் இன்னும் கவனமாக யோசிக்கிறார்கள். தரப்படுத்தலால் வருகிற பயன் இந்த இடத்தில்தான் கைக்குத் தெரிகிறது: யாரை இப்போதே தொட வேண்டும், யாரை விட்டுப் பார்க்கலாம் என்பதை அது பிரித்துக் காட்டுகிறது.

விட்டுப் பார்ப்பது என்றால் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு மூன்று வருடம் ஆகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை என்று பி.எஸ்.ஏ. எடுப்பது வழமை. விளிம்பு பொசிட்டிவ் என்பதால் உங்கள் வைத்தியர் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டாலும் கேட்பார், அப்படிக் கேட்டால் பயப்படாதீர்கள். 0.2ஐத் தொட்டு, திரும்ப எடுத்தபோதும் அப்படியே இருந்தால் அல்லது கூடினால்தான் ‘நோய் திரும்புகிறது’ என்று பேசத் தொடங்குவோம். அப்போது கதிருக்குப் போவதென்றால் 0.5ஐத் தாண்ட விடாமல் போவது நல்லது. கதிர் கொடுக்கும்போது எண் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பலன் கூட.

அப்படி ஏறினாலும் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது முக்கியம். 0.2 இரட்டித்து 0.4 ஆக மூன்று மாதம் எடுத்ததா, ஒன்றரை வருடம் எடுத்ததா? இரட்டிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து, தரக்குழுவும் 4க்குக் கீழே இருந்தால், பி.எஸ்.ஏ. திரும்பியவர்களுக்குள்ளேயே அது ஆபத்துக் குறைந்த பிரிவு. பாருங்கள், ஒப்பரேஷன் அன்று எழுதிய தரம் எத்தனை வருடம் கழித்தும் திரும்ப மேசைக்கு வருகிறது. அந்த அறிக்கையைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வையுங்கள், இரண்டு போட்டோக் கொப்பியும் எடுத்து வையுங்கள்.

அப்பாவுக்குச் சொல்லாமல் இருப்பது பற்றி நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை. சில வருடங்களுக்கு முன் முள்ளந்தண்டிலிருந்து எடுத்த ஒரு சின்ன எலும்புத் துண்டு என் மேசைக்கு வந்தது. பார்த்தபோது புரொஸ்டேட் புற்றுநோய். பழைய பதிவைத் தேடினால், அதே ஆளின் சுரப்பிக்கு ஐந்து வருடம் முன்பு 4+4 என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான். இடையில் ஒரு பி.எஸ்.ஏ.கூட எடுக்கவில்லை. மகனை ரெலிபோனில் கூப்பிட்டுக் கேட்டேன். தகப்பனுக்குக் ‘கட்டி’ என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தார்களாம். ‘கட்டியை எடுத்தாச்சு, பிறகேன் கிளினிக்’ என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டார். மகன் வெளிநாட்டில், மனைவிக்குப் பேப்பர் வாசிக்கத் தெரியாது. 4+4 என்று நான் எழுதியது ‘இவரை விடாமல் பாருங்கள்’ என்பதற்காக. அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய ஆளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அந்தக் கண்ணாடியை அன்று பின்னேரம் கனநேரம் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

உங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கணக்கும் அளவும் தெரிந்த மனிதர். ‘அப்பா, எடுத்தது புற்றுநோய்க் கட்டி. சுரப்பிக்குள்ளேயே நின்றிருக்கிறது. ஐந்து தரத்தில் இரண்டாம் தரம். இப்போது இரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பல வருடத்துக்கு இடைக்கிடை இரத்தம் கொடுக்க வேண்டும்.’ இவ்வளவும் போதும். அம்மா பக்கத்தில் இருக்கும்போது, பகல் நேரத்தில் சொல்லுங்கள். பலருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது, பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அவர்கள் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கசிவுக்கு மூன்றரை மாதம் என்பது இன்னும் தேறுகிற காலம்தான். பலருக்கு ஒரு வருடத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடுகிறது. போகிற சலத்தைப் பாதியில் நிறுத்தப் பார்த்தால் எந்தத் தசை இறுகுமோ, அந்தத் தசையைச் சும்மா இருக்கும்போது இறுக்கி விடுகிற பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். சலம் போகும்போது செய்யத் தேவையில்லை, தசையைக் கண்டுபிடிக்க மட்டும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்டால் பக்கத்தில் இருந்து காட்டித் தருவார். பிளேன்ரீயையும் கோப்பியையும் குறைக்கலாம், தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கோயிலுக்குப் போக, சலத்தை உறிஞ்சுகிற ஒரு பாட் வைத்துக்கொண்டு, ஓட்டோவில் மேலே முடிந்தவரை போய் இறங்கி, கூட்டம் குறைந்த காலை நேரத்தில் ஒருமுறை கூட்டிப் போங்கள். இரண்டாம் முறை அவரே வெளிக்கிடுவார்.

அண்ணாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தகப்பனுக்கு இந்த நோய் வந்தால் மகனுக்கு வருகிற வாய்ப்புக் கூடுகிறது. 45 வயதாகிவிட்டது என்றால் அவர் தன் வைத்தியரிடம் அப்பாவின் நோயைச் சொல்லி, பி.எஸ்.ஏ. பார்ப்பது பற்றிக் கேட்கட்டும். அப்பாவின் அறிக்கையைத் தேடித் தேடி வாசிக்கிற அக்கறையில் கொஞ்சத்தைத் தன் உடம்புக்கும் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் படம் எடுத்து அனுப்பியது அறிக்கையின் முதல் பக்கம் மட்டும். கீழே ‘1/2’ என்று இருக்கிறது. எனக்கு மற்றப் பக்கம் வேண்டும். அந்த 15 வீதத்துக்குள் நான் சொன்ன அரிதட்டு வடிவம் இருக்கிறதா, குழாய்களுக்கு உள்ளே பரவுகிற வகை இருக்கிறதா, மையைத் தொட்ட அந்த 2 மில்லிமீற்றரில் இருப்பது 3ஆம் வகையா 4ஆம் வகையா என்பதை வழமையாக அங்கேதான் எழுதுவார்கள். முதல் இரண்டில் ஏதாவது இருந்தால், அல்லது விளிம்பில் இருப்பது 4 என்றால், நான் மேலே சொன்ன நடுத்தரத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்க்க வேண்டி வரும். பி.எஸ்.ஏ.யை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் பாருங்கள் என்றும் சொல்வேன். விளிம்பில் 3 மட்டும் என்றால் எனக்கு இன்னும் நிம்மதி. அந்தப் பக்கத்தில் இது பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், அறிக்கையை எழுதிய நோயியல் பிரிவில் உங்கள் வைத்தியர் மூலம் கேட்கலாம். கண்ணாடிகளும் மெழுகுக் கட்டிகளும் அங்கே பத்திரமாக இருக்கும், திரும்ப எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில், மேசையில் தட்டையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.